ஆறு வருஷமா ஹிமாலயன்ல கேம்பிங் லக்கேஜ் கட்டுற அனுபவம்

எனக்கு ஊரு உடுமலைப்பேட்டை. 2019ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் எடுத்தேன், பிஎஸ் 4 (பழைய புகை விதி) மாடல், இப்ப 62 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. அதுல பாதிக்கு மேல டென்ட்டு, அடுப்பு, படுக்கைன்னு கட்டிக்கிட்டு ஓடுனதுதான். வால்பாறை, மேகமலை, கோத்தகிரி பக்கம், கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் திரும்பத் திரும்ப போயிருக்கேன். வண்டியைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதனால இங்க லக்கேஜ் கட்டுறதைப் பத்தி மட்டும் எழுதுறேன், ஏன்னா நான் ஆரம்பிச்சப்போ இதை யாராவது சொல்லிக் குடுத்திருந்தா ரெண்டு பெரிய ஆபத்து தவிர்ந்திருக்கும்.

மொத தடவ வால்பாறைக்கு கிளம்புனப்போ பின்னாடி கேரியர்ல எல்லாத்தையும் அடுக்கிட்டேன். டென்ட்டு, ரெண்டு ஸ்லீப்பிங் பேக், மடக்கு சேர், அடுப்பு, பாத்திரம், அதுக்கு மேல 5 லிட்டர் தண்ணி கேன். பங்கி கார்டு (முனைல கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு) போட்டு இறுக்கிக் கட்டுனதால அசையல, அசையலேன்னா போதும்னு நெனச்சேன். ஆழியார்ல இருந்து மேல ஏறுனா 40 கொண்டை ஊசி வளைவு. மூணாவது நாலாவது வளைவுலயே முன் சக்கரம் லேசாகி நான் திருப்புற பக்கம் வராம நேரா போகப் பாக்குது. ஒன்பதாவது வளைவு, அந்த லோம்ஸ் வியூ பாயின்ட்ல நிறுத்திட்டு டயர்ல காத்து இருக்கா, பேரிங் ஆடுதான்னு பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. தப்பு நான் கட்டுன விதத்துல.

பின் சக்கரத்தோட ஆக்ஸிலுக்கு, அதாவது அச்சுக்குப் பின்னால எவ்வளவு எடை வெக்கிறோமோ அது முன் சக்கரத்தைத் தூக்கப் பாக்கும், சீசா பலகை மாதிரி. ஏத்தத்துல எடை இன்னும் பின்னால சாயும். அதுலயும் உயரமா அடுக்கிட்டா வளைவுல வண்டியை சாய்க்கவும் நிமித்தவும் கை வலிக்க வலிக்க பிடிக்கணும். நைட்டு இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது, பின்னாடி அமுங்கி ஹெட்லைட் மேல தூக்கிக்கிச்சு, எதிர்ல வர்ற பஸ்சுக்காரங்க எல்லாம் டிம் டிப் அடிக்கறாங்க, எனக்கோ ரோடு தெரியல.

இதுக்கு வழி சொன்னவரு எங்க தெருவுக்கு பால் ஊத்துற அண்ணன். டிவிஎஸ் எக்ஸ்எல்ல ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு முப்பது வருஷமா ஓட்டுறவரு. அடுத்த ட்ரிப்புக்கு விடியக்காலைல நான் கட்டிட்டு இருந்ததைப் பாத்துட்டு வண்டியை நிறுத்துனாரு.

"ஏங்கண்ணு, வண்டி இப்படி பின்னால குந்திக்கிட்டு நிக்குது?"

"டென்ட்டு சாமானுங்கண்ணா, வேற எங்கீங்க வெக்கறது?"

"அத எறக்கி ரெண்டு பக்கமும் தொங்கவுடு. ரெண்டும் ஒரே எடையா இருக்கோணும். என்ர கேன்ல ஒண்ணுல மட்டும் பால் கொறஞ்சா வளைவுல வண்டி அந்தப் பக்கமா இழுக்கும். பாதி கேன் அத விட மோசம், உள்ளார பால் ஆடும் கண்ணு."

இதுக்கு மேல ஒரு பாடம் எனக்குத் தேவைப்படல. அன்னிக்கே ட்ரிப்பை ஒரு வாரம் தள்ளிப் போட்டுட்டேன். கேஸ் சிலிண்டர் எடை பாக்க தொங்கவிடுற மாதிரி ஒரு டிஜிட்டல் தூக்குத் தராசு வாங்குனேன், அப்ப முந்நூறு ரூபா சொச்சம், நான் வாங்குன சாமான்லயே உபயோகமானது இதுதான்னு இன்னிக்கும் சொல்வேன். மொத ட்ரிப்புல கட்டுன சாமான் எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தா 37 கிலோ. வண்டியே 190 கிலோவுக்கு மேல, அது மேல 37 கிலோவை ஆக்ஸிலுக்குப் பின்னால வெச்சு மலை ஏறியிருக்கேன்.

இப்ப என் லோடு 21ல இருந்து 23 கிலோக்குள்ள, தண்ணியும் சேர்த்து. வண்டிக்கு ரெண்டு பக்கமும் தொங்கற துணியால ஆன சேடில்பேக் ரெண்டு, சீட்டுக்கு மேல குறுக்க தண்ணி புகாத ட்ரை பேக் ஒண்ணு, டேங்க் மேல சின்ன பை, அவ்ளோதான். கேரியர்ல ஒண்ணுமே வெக்கறதில்ல, காயப்போடுற துண்டு கூட பின் சீட்டு மேலதான். இடது பைல அடுப்பு, பாத்திரம், அரிசி ரவை மசாலா, டூல்ஸ், பங்சர் கிட். வலது பைல துணி, ஸ்லீப்பிங் பேக், அதை சமமாக்க தண்ணி பாட்டில். கனமானது பையோட அடிப்பாகத்துல, முன்னாடி ஓரத்துல, அதாவது என் கால் பக்கம். ரெண்டு பையையும் தராசுல தூக்கி அரை கிலோ வித்தியாசத்துக்குள்ள கொண்டு வந்துட்டுத்தான் வண்டில மாட்டுவேன். இது அதிகமா தோணலாம், ஆனா ஒரு தடவ சமமா கட்டி ஓட்டிப் பாருங்க, லோடு இருக்கறதே மறந்து போகும்.

அலுமினியப் பெட்டி ஏன் போடலேன்னு கேப்பீங்க. ஒரு நண்பரோடதை மூணு மாசம் மாட்டி ஓட்டிப் பாத்தேன். பூட்டு இருக்கு, மழை ஏறாது, கேம்ப்ல ஸ்டூல் மாதிரி உக்காரலாம், எல்லாம் உண்மை. ஆனா ஸ்டேயோட (பெட்டியைத் தாங்குற கம்பி ஃப்ரேம்) சேர்த்து காலியாவே 14 கிலோ காட்டுச்சு தராசு, நான் இப்ப கொண்டு போற மொத்த சாமான்ல பாதிக்கு மேல. எஸ்டேட்டுக்குள்ள கல்லு ரோட்டுல மெதுவா போறப்போ கால் ஊனி ஊனிப் போகணும், அப்போ ஊனுன கால் பின்னால போய் பெட்டிக்கு அடில மாட்டிக்கிட்டா கணுக்கால் போயிரும். துணிப்பைனா இடிச்சா அது அமுங்கும். ஹைவேல மட்டும் போறவங்களுக்கு பெட்டி நல்லதுதான், என் ரூட்டுக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

சேடில்பேக்ல கவனிக்க வேண்டியது சைலன்சர். 411ல சைலன்சர் வலது பக்கம் தூக்குனாப்ல இருக்கும். ரெண்டாவது வருஷம் மேகமலை போறப்போ மழைக்கு மேல போடுற உறை காத்துல நழுவி சைலன்சர்ல ஒட்டிக்கிச்சு. சின்னமனூர் தாண்டி ஏறும்போது பிளாஸ்டிக் கருகற நாத்தம், முன்னாடி போற லாரின்னு நெனச்சு ரெண்டு வளைவு தாண்டிட்டேன், அப்பறம் கண்ணாடில பொகை தெரியவும்தான் நிறுத்துனேன். உறை போச்சு, பையோட மூலைல உள்ளங்கை அளவு ஓட்டை, உள்ள இருந்த ஸ்வெட்டரும் கருகிருச்சு. அந்தப் பைக்குள்ள கேஸ் கேன் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. அன்னில இருந்து கேஸ் கேன் எப்பவும் இடது பைல மட்டும்தான், வலது பக்கம் பட்டறைல சொல்லி ஸ்டே போட்டு பை சைலன்சரை விட்டு நாலு விரக்கடை தள்ளி நிக்கிற மாதிரி பண்ணிட்டேன், மேல் உறையைத் தூக்கிப் போட்டுட்டு பைக்குள்ள வெக்கிற மாதிரி வாட்டர்ப்ரூஃப் பைக்கு மாறிட்டேன். மேல் உறை எப்படியும் நல்ல மழைல அடிப்பக்கம் தண்ணி தேங்கி நிக்கும், உள் பைதான் சரி.

அடுத்தது கட்டுற கயிறு, இதுல எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கு. கொக்கி வெச்ச பங்கி கார்டு வேண்டவே வேண்டாம். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவி மூஞ்சிக்கு வந்தா கண்ணு போயிரும், ஓடும்போது கழண்டா நேரா பின் சக்கரத்துக்குள்ள போகும். எனக்கு ஒரு தடவ கொக்கி நெத்தில அடிச்சு மூணு தையல், ஒரு இஞ்ச் கீழ பட்டிருந்தா கண்ணு. பக்கிள் வெச்ச ஸ்ட்ராப் நல்லா இருக்கு, ரெண்டு வெச்சிருக்கேன். ஆனா அதுக்கு சமமா நம்பறது பழைய டியூப்ல வெட்டுன ரப்பர் வாரைத்தான். சந்தைக்குப் போற எக்ஸ்எல் வண்டில வாழைத்தார், துணி மூட்டை, கோழிக் கூடை எல்லாம் எதுல கட்டியிருக்காங்கன்னு பாருங்க, எல்லாம் டியூப் வார்தான். பங்சர் கடைல பழைய பைக் டியூப் சும்மாவே குடுப்பாங்க. வால்வு இருக்கற எடத்தை வெட்டி எறிஞ்சுட்டு நீளவாக்குல ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டணும், ஓரம் பிசிறில்லாம இருக்கணும், சின்னதா வெட்டு இருந்தாலும் இழுக்கும்போது அங்கதான் கிழியும். ஒரு முனையை ஃப்ரேம்ல முடிச்சு போட்டுட்டு பை மேல குறுக்க இழுத்து அந்தப் பக்கம் ரெண்டு சுத்து சுத்தி, மூணாவது சுத்துக்கு அடில முனையைச் செருகுனா போதும், முடிச்சே வேண்டாம், ரப்பர் ரப்பரைப் பிடிச்சுக்கும். அவுக்கறதுக்கு முனையை ஒரு இழு. குளுருல விரல் மரத்துப் போய் பக்கிள் அமுக்க முடியாத நேரத்துல கூட இதை அவுத்துருக்கேன். பை மேல வழுக்காது, பை கொஞ்சம் அமுங்குனாலும் வார் சுருங்கி இறுக்கமாவே நிக்கும். ஒரே கொறை, வெயில்ல ஒரு வருஷத்துல வெடிப்பு விட்டுரும், பொங்கலுக்குப் பொங்கல் புதுசு வெட்டிக்குவேன்.

ட்ரை பேக்ல டென்ட்டும் பாயும். இதுல ஒரு விஷயம், டென்ட்டோட உள் கூட்டையும் வெளித் துணியையும் ஒரே உறைல சுருட்டாதீங்க. விடியக்காலைல மலைல வெளித் துணி பனில நனைஞ்சுதான் இருக்கும், மழையே பெய்யாட்டியும். ஈரத்தோட அதை உள்ள சேர்த்து சுருட்டுனா அன்னிக்கு ராத்திரி ஈரத்துலதான் படுக்கணும். நான் வெளித் துணியைத் தனியா ஒரு பைல போட்டு ட்ரை பேக் மேல கட்டிருவேன். சாயங்காலம் மழை தூறிட்டு இருக்கும்போது கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தா மொதல்ல வேணும்ங்கறதும் அதுதான். டார்ச்சு, ரெயின் கோட்டு, வண்டி பேப்பர் டேங்க் பைல. அவ்ளோதான் வரிசை. எந்தப் பொருளுக்காகவும் இன்னொரு பையைப் பிரிக்கற மாதிரி இருக்கக்கூடாது, இருட்டுல பிரிச்சு வெச்ச ஒண்ணு கண்டிப்பா அங்கயே தங்கிரும். எனக்கு ஒரு ஸ்பேனர் செட் கொல்லிமலைல அப்படித்தான் போச்சு.

தண்ணிக்கு வர்றேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, வீட்டுல இருந்தே தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல, கடைசி ஊர்ல நிரப்பிக்கலாம். நீலகிரில பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போக முடியாது, செக்போஸ்ட்ல வாங்கிருவாங்க, அதனால ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ரெண்டு. பெரிய கேனை விட சின்ன பாட்டில் நல்லது, பால்கார அண்ணன் சொன்ன ஆட்டம் இதுல கிடையாது. எக்ஸ்ட்ரா பெட்ரோல் நான் கொண்டு போறதே இல்ல, 15 லிட்டர் டேங்க், லோடோட எனக்கு லிட்டருக்கு 28, 29 குடுக்குது, நம்ம பக்கம் அதுக்குள்ள பங்க் வந்துரும்.

கேஸ் பத்தி ஒண்ணு. சாதாரண பியூட்டேன் கேன் பூஜ்யம் டிகிரி கிட்ட வந்தா ஆவியாகாது, உள்ள கேஸ் இருக்கும் ஆனா அடுப்பு எரியாது. ஊட்டி பக்கம் ஜனவரில உறைபனி விழுந்த ஒரு காலைல இதுதான் ஆச்சு, காப்பித் தண்ணி சுடவே இல்ல. புரொபேன் கலந்த கேன் கிடைச்சா அது வாங்குங்க, இல்லேன்னா சமைக்கறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி கேனை ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருங்க. நெருப்புல காட்டி சூடு பண்ணவே கூடாது.

கட்டறதுக்கு முன்னாடி வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்திருங்க. சைடு ஸ்டாண்ட்ல சாஞ்சு நிக்கிற வண்டில சமமா கட்டவே முடியாது. பின் ஷாக்கோட ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங் இறுக்கத்தை, லோடுக்கு ஏத்தாப்ல ஏத்தி வெக்கணும், ஹெட்லைட் தூக்கற பிரச்சனை அதுலயே முக்கால்வாசி சரியாயிரும். டயர் காத்தும் மேனுவல்ல பின்னாடி ஆள் இருந்தா எவ்வளவுன்னு போட்டிருக்கோ அவ்வளவு. திரும்பி வந்ததும் ரெண்டையும் பழையபடி மாத்த மறக்காதீங்க.

ஈர மண்ணுல சைடு ஸ்டாண்ட் புதையும். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு மழைல ஸ்டாண்ட் புதைஞ்சு வண்டி டென்ட்டுக்கு ஒரு அடி தள்ளி விழுந்துச்சு. இந்தப் பக்கம் விழுந்திருந்தா என் மேல. இப்ப உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு, அதுல ஓட்டை போட்டு ஒரு கயிறு. ஸ்டாண்டுக்கு அடில போட்டு நிறுத்துவேன், கிளம்பும்போது சீட்டுல உக்காந்துட்டே கயித்தை இழுத்து எடுத்துக்குவேன். டென்ட்டும் வண்டி உயரத்துக்கு மேல தள்ளித்தான் போடறது.

ஆடி மாசம் எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி இருக்கும்னு தெரியும், உடுமலைல இருந்து பல்லடம் போற ரோட்டுல காத்தாலைங்களுக்கு நடுவுல லோடோட போனா தெரியும் உங்க கட்டு எப்படின்னு. பின்னாடி உயரமா அடுக்கியிருந்தா அது பாய்மரம் மாதிரி வண்டியையே அடுத்த லேனுக்குத் தள்ளும். என் ட்ரை பேக் இப்ப என் இடுப்பு உயரத்தைத் தாண்டாது, அந்தக் காத்துலயும் 60ல போக முடியுது.

வீட்டுக்காரம்மாவும் வர்ற ட்ரிப்புன்னா இந்தக் கணக்கெல்லாம் மாறும், பின் சீட்டு போயிருது, அப்போ டென்ட்டு கேம்ப்சைட்லயே வாடகைக்கு எடுத்துக்குவோம். ரெண்டு பேரும் இருந்து மொத்த லோடையும் கேரியர்ல ஏத்தறதை நான் பண்ணவே மாட்டேன், யார் சொன்னாலும்.

காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு டென்ட்டு போடாதீங்க, வனத்துறை அனுமதி இல்லாம அது குத்தம், யானை நடமாட்டமும் உண்டு. நான் எஸ்டேட்லயோ தெரிஞ்சவங்க நெலத்துலயோ கேட்டுத்தான் போடறது. ராத்திரி அரிசி, உப்பு, பழம் எதையும் டென்ட்டுக்குள்ள வெக்கறதில்ல, வண்டிப் பைலயும் வெக்கறதில்ல, அவங்க சமையல்கட்டுல குடுத்துருவேன். வால்பாறைல அரிசிக்காக ரேஷன் கடைச் சுவத்தையே யானை இடிக்கும்.

தேய்மானம்: இடது பை ஜிப் நாலாவது வருஷம் பல்லு போச்சு, பேக் தைக்கற கடைல பெரிய பல்லு ஜிப் போட்டு வாங்கிட்டேன், கம்பெனி ஜிப்பை விட உழைக்குது. வலது பைல கருகுன மூலைக்கு தார்ப்பாய்த் துண்டு வெச்சு தெச்சது இன்னும் நிக்குது. ஸ்டே ஒரு தடவ வெல்டிங் விட்டுச்சு, அது நான் லோடு அதிகம் ஏத்துன காலத்துல. டென்ட்டுக் கம்புல ஒண்ணு பிளந்திருக்கு, மாத்தணும். அடுத்த மாசம் கொல்லிமலை, 70 வளைவு, பங்சர் கடைல டியூப் சொல்லி வெச்சிருக்கேன்.