'பென்னாகரம்' என்று சரியாக எழுதும் சார்ட் லைப்ரரி எது? மேட்பிளாட்லிப், சீபார்ன், பிளாட்லி, ஆல்டேர் ஓர் அலசல்

பைத்தான் நிரல்மொழியில் சார்ட் வரைய எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) நல்லது என்று தேடினால் வேகம், அழகு, எத்தனை வகை சார்ட் வரும் என்பதைத்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உட்கார்ந்து, இந்தப் பக்கத்து ஆட்கள் பார்ப்பதற்காக வரைகிறவருக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. அச்சின் கீழே 'பென்னாகரம்' என்று கொடுத்தால் அது பென்னாகரமாகவே வருமா? ஊர்ப்பெயரே சிதைந்து வரும் சார்ட்டை விவசாயிகள் கூட்டத்திலோ கிராம சபையிலோ காட்ட முடியாது. அதனால் இந்த அலசலில் தமிழ் எழுத்துக்குத்தான் முதல் மதிப்பெண். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒப்பிட இரண்டு தரவுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அதன் நீர்வரத்து. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீரை அந்த இடத்தில் வந்து சேரும்படி விட வேண்டும். மாதக் கணக்கு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. தினசரி வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். ஒரு நாள் முழுக்க 11,574 கன அடி வீதம் ஓடினால் ஒரு டி.எம்.சி. வறண்ட கோடையில் சில நூறு கன அடிக்கு இறங்கும், வெள்ளக் காலத்தில் லட்சத்தைத் தாண்டும். சார்ட் வரைகிறவருக்கு இதைவிடக் கடினமான, பயனுள்ள பாடம் கிடைக்காது.

இரண்டாவது, தக்காளி விலை. பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்தில் தக்காளி போடுகிற எல்லோரும் தினமும் கேட்கும் எண். அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை விலைகள் குவிண்டால் கணக்கில், குறைந்தபட்சம், அதிகபட்சம், அதிகமாக விற்ற விலை என்று மூன்றாக இருக்கும். கிலோ விலை வேண்டுமென்றால் 100ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

மேட்பிளாட்லிப்

நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் 2003இல் தொடங்கியது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்கும் தேவையிலிருந்து வளர்ந்த கருவி, இன்று பைத்தான் கற்கும் ஒவ்வொருவருக்கும் முதல் சார்ட். கல்லூரிகளில் சொல்லித்தருவதும் இதைத்தான். அச்சில் ஒரு சின்னக் கோட்டின் நீளம்வரை எதையும் மாற்றலாம். அந்த அளவு கட்டுப்பாடு மற்ற மூன்றிலும் கிடையாது.

தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல். கூடவே வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் முதலில் வெறும் கட்டங்கள் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழையோ விண்டோஸில் இருக்கும் நிர்மலாவையோ காட்டிவிட்டால் கட்டங்கள் போய்விடும், பிழை போகாது. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத்தான் அதற்குத் தெரியும். தமிழில் ஒரு குறியீடு எங்கே நகர வேண்டும், எதோடு சேர்ந்து வடிவம் மாற வேண்டும் என்று பார்க்கும் வேலையை 3.10 வரையிலான பதிப்புகள் செய்வதில்லை. அதனால் பென்னாகரத்தின் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஒகேனக்கல்லில் இரட்டைக்கொம்புக்கும் அதே கதி. தருமபுரியில் 'ரு', 'பு' இரண்டும் உடையும். ஓசூரில் 'சூ' பிரிந்து கிடக்கும். 'அரூர்' என்ற மூன்றெழுத்துப் பெயர்கூடத் தப்பாது.

வழிகள் இருக்கின்றன. எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளத்தை (படத்தை உண்மையில் வரைந்து தரும் உள்பகுதி) நிறுவினால் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படும். படத்தை எஸ்விஜி என்ற கோட்டுப் படக் கோப்பாகச் சேமித்து, எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விடும்படி அமைப்பை மாற்றினால், அதைத் திறக்கும் பிரவுசர் தமிழைச் சரியாகக் காட்டும். ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தயாரிப்பவர்கள் பிஜிஎஃப் பின்தளத்தை அதன் ஸீலேடெக் வகையோடு இணைக்கலாம், அச்சுத் தரம் அருமையாக வரும். மூன்றுமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் இப்போதுதான் சார்ட் கற்கத் தொடங்கிய முதலாண்டு மாணவரிடம் இதையெல்லாம் சொன்னால், அவர் ஆங்கிலத்திலேயே லேபிள் போட்டுவிட்டுப் போய்விடுவார். எனக்கு அதுதான் வருத்தம். தமிழில் காட்ட வேண்டிய சார்ட் கருவியின் குறையால் ஆங்கிலத்துக்குப் போகக் கூடாது.

எண்களில் மேட்பிளாட்லிப்பை அடிக்க ஆளில்லை. 1,50,000 என்பதை '1.5 லட்சம்' என்று காட்ட நாமே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நூறிலிருந்து லட்சம்வரை போகும் நீர்வரத்துக்கு, ஒவ்வொரு படியும் பத்து மடங்காகும் லாக் அளவுகோல் வேண்டும். நடுவில் பூஜ்யம் வந்தால் லாக் ஏற்காது. பூஜ்யத்தையும் தாங்கும் சிம்லாக் அளவுகோல் இதில் உண்டு.

சீபார்ன்

மைக்கேல் வாஸ்கம் எழுதியது. மேட்பிளாட்லிப்பின் மேலே கட்டப்பட்டதால் தமிழ்ச் சிக்கல் அப்படியே இதற்கும் வருகிறது. குறைந்த வரிகளில் நல்ல நிறங்களோடு புள்ளியியல் சார்ட் வேண்டும் என்றால் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதன் பார் சார்ட் கூட்டுத்தொகையைக் காட்டாது, சராசரியைக் காட்டும். மேலே நிற்கும் சின்னக் கோடு 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது உண்மையான சராசரி எங்கே இருக்கலாம் என்ற வரம்பு. தினசரி டி.எம்.சி. அட்டவணையைக் கொடுத்து மாத மொத்தம் வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

பிளாட்லி

கனடாவின் மாண்ட்ரியலில் உருவான நிறுவனத்தின் படைப்பு. அதன் ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்மொழி) அடித்தளம் 2015இல் திறந்த மூலமானது. சார்ட் பிரவுசரில் வரையப்படுவதால் தமிழ் எழுத்தை பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. பார்க்கிறவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே உண்டு. ஆக, பென்னாகரம் பென்னாகரமாகவே வருகிறது.

விரலை வைத்தால் அந்த நாளின் எண் தெரியும், இழுத்தால் அந்தக் காலம் மட்டும் பெரிதாகும். தக்காளி விலை ஏறி இறங்கிய ஒரு ஆண்டைத் துழாவிப் பார்க்க இதுதான் சரியான கருவி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அந்த ஏற்றம் எந்த வாரம் தொடங்கியது என்பதை இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மாதங்கள் நெடுவரிசைகளாகப் பரந்து கிடக்கும் அட்டவணையையும் இதன் எக்ஸ்பிரஸ் என்ற சுருக்கவழிப் பகுதி அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

எனக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, லட்சத்தைத் தானாக '100கே' என்று எழுதும். விவசாயிகளுக்குக் காட்டும் சார்ட்டில் அது உதவாது. எந்தெந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நாமே பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டு, சிம்லாக் கிடையாது. பூஜ்யம் வரும் தரவு லாக் அச்சில் விழுந்துவிடும்.

அனுப்புவதிலும் யோசனை தேவை. ஹெச்டிஎம்எல்லாகச் சேமித்தால் முழு ஜாவாஸ்கிரிப்டும் உள்ளேயே அடைபட்டு, கோப்பு மூன்று எம்பிக்கு மேல் போகும். அதை வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளச் சொன்னால் கோப்பு சிறிதாகும், ஆனால் திறக்கும்போது இணையம் இருந்தாக வேண்டும். அஞ்செட்டி பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் வெற்றுத் திரைதான் மிஞ்சும். வாட்ஸ்அப்புக்குப் படமாக மாற்றலாம். அதற்குக் கலைடோ என்ற துணை நிரல் வேண்டும், அதன் புதிய பதிப்பு வேலை செய்ய கணினியில் குரோம் இருக்க வேண்டும்.

ஆல்டேர்

ஜேக் வாண்டர்பிளாஸ், பிரையன் கிரேஞ்சர் இருவரும் தொடங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு உருவாக்கிய வேகா-லைட் என்ற சார்ட் விவரிப்பு மொழியின் மேல் நிற்கிறது. இதில் கோடு வரை, கட்டம் வரை என்று கட்டளையிடுவதில்லை. கிடை அச்சில் தேதி, நிலை அச்சில் விலை, நிறத்துக்குச் சந்தை என்று எது எதற்கு என்பதை மட்டும் சொல்கிறோம். பள்ளி ஆசிரியர் ஒருவர் அட்டவணையைப் பார்த்து வாயால் விளக்குவது போலவே இருக்கும். பழகிவிட்டால் மனதில் நினைத்ததும் எழுதியதும் ஒன்றாகிவிடும்.

தமிழும் பிளாட்லி போலவே பிரவுசர் வழியாகச் சரியாக வருகிறது. தக்காளியின் குறைந்தபட்ச, அதிகபட்ச விலைகளுக்கு நடுவே நிறப் பட்டை போட்டு, அதன் மேல் அதிகமாக விற்ற விலையைக் கோடாக இழுக்க, இரண்டு சார்ட்டுகளை எழுதிக் கூட்டல் குறி போட்டால் போதும். தீர்ப்பின் மாதப் பங்கைக் கட்டங்களாகவும், உண்மையில் வந்ததைப் புள்ளிகளாகவும் ஒரே படத்தில் வைப்பதும் அப்படித்தான். சிம்லாக் உண்டு. 'லட்சம்' என்று அச்சில் எழுத ஒரு வரிக் கணக்கு கொடுத்தால் வந்துவிடும்.

இதற்கும் முரண்டுகள் உண்டு. மாதப் பெயரைத் தமிழில் கொடுத்தால் தானாகவே அகர வரிசையில் அடுக்கி, அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று தொடங்கும். நமக்கோ நீர் ஆண்டு ஜூனில் தொடங்க வேண்டும், வரிசையை நாமே கொடுத்தாக வேண்டும். பிளாட்லியும் மேட்பிளாட்லிப்பும் தரவில் இருக்கும் வரிசையையே வைத்துக்கொள்ளும். பரந்த அட்டவணையை, பாண்டாஸ் என்ற அட்டவணை லைப்ரரியின் மெல்ட் கட்டளை கொண்டு நீளமாக்கிக் கொடுப்பது நல்லது. 5,000 வரிகளுக்கு மேல் போனால் பிழை காட்டி நின்றுவிடும். நாளுக்கு ஒரு வரி என்றால் பிலிகுண்டுலு தரவு 13 ஆண்டுகள் தாங்கும், 14ஆம் ஆண்டில் உடையும். எல்லையைத் தளர்த்தவும் பெரிய தரவைக் கையாளும் வேகாஃப்யூஷன் என்ற துணை நிரலுக்கு மாற்றவும் ஒரு வரி போதும், ஆனால் தரவு முழுவதும் சார்ட்டின் உள்ளேயே அடைக்கப்படுகிறது என்பதால் கோப்பு பெரிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். இணையம் இல்லாமல் திறக்க வேண்டுமென்றால் சேமிக்கும்போதே இன்லைன் (தேவையான நிரலையும் உள்ளேயே அடை) என்று சொல்லிவிட வேண்டும்.

எதை எடுப்பது?

என் முடிவு ஆல்டேர். நம் ஊர்ப் பெயர்களைப் பிழையின்றி எழுதுகிறது, யோசிக்கும் விதமும் தெளிவாகிறது. தரவைத் துழாவும் நேரத்தில் பிளாட்லியைத் திறந்துகொள்ளுங்கள், இரண்டும் நிரலும் படமும் ஒரே பக்கத்தில் வரும் நோட்புக்கில் ஒத்துப்போகும். கூகுள் கோலாப் என்ற இணையவழி நோட்புக்கில் நான்குமே தயாராக இருப்பதால், நல்ல கணினி இல்லாத மாணவரும் போனிலிருந்தே முயன்று பார்க்கலாம். ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் படம் கேட்டால் தயங்காமல் மேட்பிளாட்லிப். தமிழில் அச்சிட வேண்டியிருந்து அதே கட்டுப்பாடும் தேவைப்பட்டால் எஸ்விஜி வழியைப் பிடியுங்கள். சீபார்னைத் தனியாகப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, புள்ளியியல் பாடம் தவிர.

எதை எடுத்தாலும் தரவில் இரண்டு இடங்களைக் கை வைத்துச் சரிசெய்ய வேண்டும், லைப்ரரி அதைச் செய்யாது. சந்தை விடுமுறை நாளுக்கு வரியே இல்லையென்றால் நான்குமே அந்த இடைவெளியை நேர்கோட்டால் இணைத்துவிடும், அன்றும் விலை இருந்தது போலத் தெரியும். பாண்டாஸில் எல்லாத் தேதிகளையும் நிரப்பி, விலையை வெறுமையாக விட்டால் மேட்பிளாட்லிப்பிலும் பிளாட்லியிலும் கோடு அங்கே அறுந்து நிற்கும்.

அடுத்தது மாவட்ட எல்லை. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முந்தைய 'தருமபுரி' எண்களில் ஓசூரும் ஊத்தங்கரையும் சேர்ந்தே இருக்கும். மாம்பழப் பரப்போ மக்கள்தொகையோ, நீண்ட காலத் தொடரை வரைந்தால் 2004 வாக்கில் கோடு செங்குத்தாக விழும். பார்ப்பவர் வறட்சியோ வேறு ஏதோ காரணம் என்று எண்ணிவிடுவார். இரண்டு மாவட்டங்களையும் கூட்டி ஒரே கோடாகக் காட்டுங்கள், அல்லது அந்தத் தேதியில் செங்குத்துக் கோடு போட்டு 'மாவட்டப் பிரிப்பு' என்று எழுதுங்கள். மேட்பிளாட்லிப்பில் அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு கட்டளை. ஆல்டேரில் ஒரு வரி மட்டும் உள்ள குட்டி அட்டவணை செய்து, அதைக் கோடாக வரைந்து சார்ட்டின் மேல் அடுக்கலாம்.