செக் இன்ஜின் விளக்கு: டாங்கிளா, கைக்கருவியா, கேரேஜ் ஸ்கேனரா?

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் செக் இன்ஜின் விளக்கு வந்தால் முதலில் பாருங்கள்: நிலையாக எரிகிறதா, மின்னி மின்னி அணைகிறதா? மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும், உடனே ஓரங்கட்டுங்கள். நிலையாக எரிந்தால், காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டைப் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு.

அதைப் படிக்க மலிவான வழி, காரின் தகவலை ஃபோனுக்கு அனுப்பும் இஎல்எம்327 புளூடூத் டாங்கிள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் (Car Scanner) ஆப்பைத் திறந்தால் போதும். சில நூறு ரூபாய்க்கு வருபவை பெரும்பாலும் நகல் சிப்கள். பதிப்பு 2.1 என்று அச்சிட்டு வரும் பலவற்றில் சில கட்டளைகளே இருக்காது, சில கார்களோடு பேசவே பேசாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகையைத்தான் வாங்க வேண்டும். 16ஆவது பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் வரும். காரை நிறுத்திவிட்டு ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் டாங்கிளைக் கழற்றிவிட்டுப் போகட்டும்.

இதன் பலம் குறியீட்டைப் படிப்பதில் இல்லை, இன்ஜின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் இருக்கிறது. பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் காற்றுக் கசிவு, ஹோஸ்களைத் தேடுங்கள். வேகம் கூடக் கூட டிரிமும் ஏறினால் ஃபில்டர், ஃப்யூயல் பம்ப் பக்கம் போங்கள். இது காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள இன்ஜின்களுக்கான கணக்கு. மாருதி கே சீரிஸ் போல காற்றழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சாரை நம்பும் இன்ஜினில் அதே கசிவு டிரிமில் அவ்வளவாகத் தெரியாது, ஐடில் ஏறி நிற்பதாகத்தான் தெரியும்.

முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று சொல்லும் பி0301க்கு எந்தப் பெரிய கருவியும் வேண்டாம். முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே நின்றால் பிளக், அடுத்து இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன்.

கையடக்க ரீடர் ஃபோன் இல்லாமல் வேலை செய்யும், புளூடூத் தொல்லை இல்லை. அதைத் தவிர அதற்காகச் சொல்ல அதிகமில்லை. விலை குறைந்தவற்றில் கிராஃப் வராது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420க்கு கிராஃப்தான் முக்கியம். இன்ஜின் சூடான பின் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் கோடு நேராக ஓட வேண்டும். முன்பக்கத்தைப் போலவே ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் சந்தேகத்துக்குரியது. எக்ஸாஸ்ட் கசிவை முதலில் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே குறியீட்டைக் கொண்டுவரும்.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குக்கு மலிவு டாங்கிள் பொதுவாக உதவாது. லாஞ்ச், ஆட்டெல் போன்ற ஸ்கேனர் வைத்திருக்கும் கேரேஜுக்கோ கம்பெனி சர்வீஸுக்கோ போக வேண்டியதுதான். ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் (FORScan), ஃபோக்ஸ்வேகன் போலோக்காரர்களுக்கு விசிடிஎஸ் (VCDS) என்னும் மென்பொருள்கள் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துத் தரும்.

பிஎஸ்6 டீசலில் பி2463 வந்தால் டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர், புகைக்கரியால் நிரம்புகிறது என்று பொருள். அவுட்டர் ரிங் ரோட்டில் நின்று நின்று போகும் வண்டிக்கு இது சகஜம். ஆரம்ப நிலையில் கிருஷ்ணகிரி வரை சீரான வேகத்தில் போய் வந்தாலே எரிந்து தீர்ந்துவிடலாம். மிஞ்சிவிட்டால் ஸ்கேனர் வைத்துக் கரியை எரிக்கும் கட்டாய ரீஜெனரேஷன் செய்ய வேண்டும். எங்கே போனாலும், குறியீட்டை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்னும் பதிவைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழுது வந்த நொடியில் இருந்த ஆர்பிஎம், வெப்பம், லோடு எல்லாம் அதில்தான் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

விளக்கு அணைந்ததும் பில் கட்டிவிடாதீர்கள். குறியீட்டை அழித்தாலே விளக்கு அணையும். அழித்தவுடன் ரெடினஸ் சோதனைகளும், அதாவது கார் தன்னைத் தானே சோதிப்பவையும், பூஜ்யத்துக்குப் போகும். அவை மறுபடி முடிந்தால்தான் பழுது தீர்ந்ததா என்று தெரியும். கன்வெர்ட்டரைப் பார்க்கும் கேட்டலிஸ்ட் சோதனை சூடான இன்ஜினும் சீரான வேகமும் கிடைத்தால்தான் ஓடும்; ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் அதற்குப் பல நாள் ஆகலாம்.