கருகல் நோயின் தடம்: பழைய இலையா, இன்றைய கிருமியா?

1845-இல் அயர்லாந்தைத் தாக்கிப் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்குக் கருகல் நோயின் வழியைத் தேட இரண்டு பொருள்கள் உண்டு. இன்றைய வயலில் எடுத்து வளர்த்த கிருமியில் டிஎன்ஏ நீளமாக, ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் அழிந்துபோன வகைகள் அதில் தெரியாது. யுஎஸ்-1 என்ற கிருமி வகையே பஞ்சத்துக்குக் காரணம் என்று நெடுநாள் கருதியது அதனால்தான்.

உலர்தாவரச் சேகரிப்பில், அதாவது அக்காலத்தில் உலர்த்தி அட்டையில் ஒட்டிவைத்த செடிகளில், இருந்த நோயுற்ற இலைத் துணுக்குகளே அதைத் திருத்தின: 2013-இல் ஹெர்ப்-1 என்ற தனி வகை வெளிப்பட்டது. தொல்லையும் இங்கேதான். டிஎன்ஏ பெரும்பாலும் 100 எழுத்துக்கும் குறைவான துண்டுகளாக உடைந்திருக்கும். டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் துண்டின் முனைகளில் சிதைந்து யுராசிலாகி, தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கப்படும். அந்த யுராசிலை நீக்கும் நொதி சேர்க்காவிட்டால், போலி மாற்றங்கள் கிருமியின் வம்சாவளி மரத்தில் அதன் கிளையை நீட்டிவிடும். இன்றைய டிஎன்ஏ கலக்காத தனி அறையும் வேண்டும். ஆனாலும் சேகரித்த ஆண்டு அட்டையிலேயே இருப்பதால் மாற்றத்தின் வேகத்தைக் கணிக்கலாம்; கேள்வி காலம் பற்றியதென்றால் பழைய இலைதான் மேல்.