வெட்டிக் காட்டி அப்பிள் விற்கும் ஹட்டன் கடை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் இந்தப் பழக்கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முன்னால் நீலத் தறப்பாள் இறக்கியிருக்கும், அதுதான் அடையாளம். எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வழியில் இரண்டு சந்திகளிலும் பழக்கடை இருக்கிறது. இருந்தாலும் மூன்று வருடமாக அப்பிள் வாங்குவது இங்கே மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேறொரு கடையில் பத்து அப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். எண்ணெய் தடவியது போல அப்படி ஒரு பளபளப்பு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினால், விதையைச் சுற்றிப் பழுப்பு, சதை வெறும் மாவு. நாலு பழம் வெட்டினேன், நாலும் அப்படியே. "பரவாயில்லடி, கொண்டா" என்று சொல்லிப் பெரியம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். சாப்பாடே இறங்காமல் கிடந்த மனுஷி. அவருக்கு நல்ல பழம் ஒன்று கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

அடுத்த வாரம்தான் இந்தக் கடையில் ஏறினேன். "உள்ளுக்கு நல்லா இருக்குமா முதலாளி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியின் அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து, குறுக்காக வெட்டி, "பாருங்க தங்கச்சி" என்று நீட்டினார். நடுவில் ஐந்து அறை, பூப் போட்ட மாதிரி. விதைகள் நல்ல கருஞ்சிவப்பு. கத்தியின் ஓரத்தில் சாறு வடிந்து நின்றது. பாதியை எனக்கும், மறுபாதியைப் பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் கொடுத்தார். வெட்டின பழத்துக்குக் காசு எடுக்கவில்லை. இன்று வரை யார் கேட்டாலும் அப்படித்தான் வெட்டிக் காட்டுகிறார்.

இன்னொன்று, அவர் பெட்டியை மறைப்பதில்லை. அப்பிள் பெரும்பாலும் 18 கிலோ பெட்டியில்தான் வருகிறது. பெட்டிக்கு வெளியே 113, 138 என்று ஒரு எண் இருக்கும். அது உள்ளே எத்தனை பழம் என்ற கணக்கு. 113 என்றால் ஒரு பழம் ஏறக்குறைய 160 கிராம், 138 என்றால் 130 கிராம். எண் கூடினால் பழம் சின்னது. நம் பக்கம் கிலோக் கணக்கில் இல்லாமல் ஒன்று இவ்வளவு என்று விற்பதால், இது தெரியாவிட்டால் சின்னப் பழத்துக்குப் பெரிய பழத்தின் விலையைக் கொடுத்துவிட்டு வருவோம். இங்கே அந்த எண் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார்.

எந்த மாதம் எதை வாங்குவது என்பதையும் அவரிடம்தான் படித்தேன். சீனாவின் ஃபூஜி என்ற அப்பிள் இனம் அக்டோபர் வாக்கில் பறிப்பது. நியூசிலாந்து, தென்னாபிரிக்கா பக்கம் பருவமே தலைகீழ். அங்கே காலா என்ற இனம் பெப்ரவரி, மார்ச்சில் மரத்திலிருந்து இறங்கும். குளிர் அறையில் ஒட்சிசனைக் குறைத்து வைத்தால் அப்பிள் ஒரு வருடம் வரைகூடத் தாங்குமாம். அதனால் கடையில் எப்போதும் எல்லாம் கிடக்கும், எது புதுசு என்று பார்த்தால் தெரியாது. "தையில ஃபூஜி எடுங்க, வைகாசியில காலா எடுங்க" என்றார். அதைக் கேட்டு நடந்த பிறகு மாவுப் பழம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் அப்பாவின் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது செடியைக் கத்தரித்து விடுகிற வேலை. நான் சின்னவளாக இருந்தபோது, சம்பளத்தன்று வாங்கிய அப்பிளின் விதையைப் பால்மா டின்னில் போட்டு முளைக்க வைத்தார். லயத்துக்குப் பின்னால் நட்டது கூரை உயரத்துக்கு வந்தது. பூக்கவே இல்லை. தேயிலைக்குப் போல வருடா வருடம் அதற்கும் கவ்வாத்து வெட்டிப் பார்த்தார். அது பூக்காத காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலான அப்பிள் இனங்களுக்கு 7 பாகைக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் வேண்டும். நம் குளிர் நமக்குக் கம்பளி போட வைக்கும், அந்த மரத்துக்குப் போதாது. இந்தோனேசியாவில் பத்து என்ற மலை ஊரில், அறுவடை முடிந்ததும் இலையை எல்லாம் கையால் உருவிவிடுவார்களாம். மரம் குளிர்காலம் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாகத் துளிர்த்துப் பூக்கும். வருடத்துக்கு இரண்டு காய்ப்பு எடுக்கிறார்கள். குடும்பம் முழுக்க இலை பறித்தே வாழ்ந்த வீடு எங்களது. யாராவது அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அப்பா ஒரே காலையில் உருவி முடித்திருப்பார்.

சரி, சமையலுக்கு வருகிறேன். பச்சை நிறக் கிரானி ஸ்மித் இங்கே எப்போதும் இருக்காது, கண்டால் விடாதீர்கள். 1868இல் ஒஸ்திரேலியாவில் ஒரு கிழவியின் தோட்டத்தில் தானாக முளைத்த இனம், அந்த அம்மாவின் பெயர்தான் இன்னும் நிற்கிறது. தோலோடு துண்டு போட்டு, மாங்காய்க் கறி போலக் கடுகு, கறுவாப்பட்டை, இடித்த மிளகாய், கடைசியில் ஒரு கரண்டி சீனி, கெட்டித் தேங்காய்ப்பால். ஒரே கொதியில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். மாங்காய் இல்லாத மாதத்தில் சோற்றுக்கு இதை விட எனக்கு வேறு வேண்டாம். பிள்ளையின் பள்ளிக்கூடப் பெட்டிக்கு வெட்டும்போது உப்புக் கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பேன். இடைவேளை வரை வெள்ளையாகவே இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். கரட்டையும் அப்பிளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து அப்படியே வைக்காதீர்கள். அப்பிளிலிருந்து வரும் வாயுவால் கரட் கசந்துபோகும். நான் ஒரு கிலோ நுவரெலியா கரட்டை இப்படி வீணாக்கியிருக்கிறேன். இந்தக் கடையில் இரண்டும் எதிரெதிர்ச் சுவரில்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. பை மெல்லியது, வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோங்கள். திராட்சை எனக்குப் பிடிக்கவில்லை, பாதி உதிர்ந்தே கிடக்கும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் டவுனை நிறைத்துவிடும், அப்போது அவருக்கு நின்று பேச நேரமிருக்காது. காலை பத்து மணிக்கு முன்னால் போவது நல்லது. அடிபட்ட பழம் வந்தால் மாற்றித் தருவார், எனக்கு இரண்டு முறை தந்தார்.

போன சனிக்கிழமை காலா ஆறு வாங்கினேன். அப்பாவுக்கு இப்போது பல் இல்லை. பழத்தை இரண்டாக வெட்டி, தேக்கரண்டியால் சதையைச் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தையும் சாப்பிட்டார். தோல் மட்டும் கிண்ணம் மாதிரி மிஞ்சியது. விதைகளை எடுத்துப் பேப்பர் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பால்மா டின் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.