ஒரே ஒரு சனிக்கிழமை: ஓஷினன் ஏரியா, பாஹால்ப் ஏரியா?

அலுவலக வேலையாக சுவிட்சர்லாந்தின் பெர்னில் தங்குபவர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டும் பெர்னீஸ் ஆல்ப்ஸில்தான்.

உயரம்: ஓஷினன் 1,578 மீட்டர், பாஹால்ப் 2,265.

போய்ச் சேர: ஓஷினனுக்கு காண்டர்ஸ்டெக் வரை நேரடி ரயில், சுமார் ஒன்றேகால் மணி நேரம், பிறகு கேபிள் கார். பாஹால்ப்புக்கு இன்டர்லாக்கனில் மாறி கிரிண்டெல்வால்ட், அங்கிருந்து ஃபிர்ஸ்ட் என்ற மலை நிலையம் வரை கேபிள் கார். டிக்கெட் செலவும் இதில்தான் அதிகம்.

நடை: ஃபிர்ஸ்டிலிருந்து ஏரிக்கு 50 நிமிடம், ஏற்றம் சுமார் 100 மீட்டர். ஓஷினனில் ஏரிக்கரை அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். உண்மையான மலைநடை ஹோய்பெர்க் பாதைதான். கேபிள் கார் நிலையத்தில் தொடங்கி ஓபர்பெர்க்லி வழியாக ஏரிக்கு இறங்க சுமார் 3 மணி நேரம். ஓரிடத்தில் பாதையின் ஓரம் நேரே ஏரியை நோக்கிச் சரிகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஆபீஸ் ஷூ இங்கே உதவாது.

நடைபாதைகளின் மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. போட்டோ எடுப்பவர்கள் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

எது சொதப்பும்? பாஹால்ப்பில் ஜூன் தொடக்கத்திலும் பனி கிடக்கலாம். காற்று எழுந்தால் ஷ்ரெக்ஹார்ன் சிகரத்தின் பிம்பம் நீரில் கலைந்துவிடும், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். ஓஷினனில் பாறைச் சரிவு அபாயத்தால் சில பாதைகளை மூடுவார்கள். கோடையில் இரண்டிலும் பிற்பகல் இடிமழை உண்டு. கடைசி கேபிள் கார் நேரத்தைக் கீழேயே பார்த்துவிடுங்கள்.

முழங்கால் வலி, குறைந்த நேரம் என்றால் ஓஷினன் ஏரிக்கரை மட்டும். உயரமும் சிகரத்தின் பிம்பமும் வேண்டும் என்றால் பாஹால்ப். நன்றாக நடந்து, படகும் வலிக்க ஆசையா? ஓஷினன்.