நாக்குப் புண்ணை டெஸ்ட்டுக்கே அனுப்பாம லேசர்ல சுட்டுட்டாங்க, கோத்தகிரி பக்கம் இருக்கறவங்க கவனமா இருங்க

கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா முழுசா படிங்க. வீட்ல வெத்தலை புகையிலை போடறவங்க இருந்தா கண்டிப்பா படிங்க.

எங்கம்மாவுக்கு 61 வயசு. கோத்தகிரி பக்கம் 30 வருஷத்துக்கு மேல தேயிலை பறிச்சவங்க. குளிருக்கு இதமா இருக்குன்னு வெத்தலை பாக்கோட ஒரு துண்டு புகையிலையும் சேத்து இடது கன்னத்துல ஒதுக்கிக்குவாங்க, கூட பறிக்கிற பொம்பளைங்க பாதி பேருக்கு இந்தப் பழக்கம்தான். போன வருஷம் ஆடி மாசம் நாக்கோட இடது ஓரத்துல ஒரு புண்ணு வந்துச்சு. பட்டாணி அளவுகூட இருக்காது, சுத்தி வெள்ளையா ஒரு விளிம்பு. வலி இல்ல, குழம்பு காரமா இருந்தா மட்டும் சுர்ருங்குதுன்னாங்க. வலிச்சிருந்தா நாங்களே பயந்து ஓடியிருப்போம், வலிக்காததுதான் வினையாப் போச்சு.

டவுன்ல ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன். பேரு இங்க போடல, மனு குடுத்திருக்கேன், அது முடியட்டும். டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு கடவாப்பல்லு கூரா இருக்குங்க, அது குத்தித்தான் புண்ணு, ராவி விட்டா சரியாயிடும்னாரு. ராவினாரு. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை, தடவறதுக்கு ஒரு ஜெல். மூணு வாரம் கழிச்சு ஆறலீங்கன்னு போனா வேற ஜெல். இப்படியே புரட்டாசி வந்துருச்சு. அப்புறம்தான் லேசர் பேச்சை எடுத்தாரு.

நான் கேட்டேங்க, வாயைத் தொறந்து கேட்டேன், டெஸ்ட் ஏதாச்சும் எடுக்கணுமா சார்னு. அதுக்கு அவரு சொன்னது இன்னும் காதுல நிக்குது. "எதுக்கும்மா கிளறி விடறீங்க, கத்தி பட்டா பரவிடும். லேசர்ல எரிச்சுட்டா வேரோட போயிடும், ரத்தம் வராது, சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்." கத்தி பட்டா பரவும்ங்கறது எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற பேச்சுதானே, டாக்டரே சொல்லவும் நம்பிட்டோம். அதுவும் இல்லாம பெரிய டெஸ்ட்டுன்னா மலை இறங்கணும், மேட்டுப்பாளையம் போயி கோயம்புத்தூர் போகணும், ஒரு நாள் கூலி போயிரும், அம்மாவுக்கு பஸ்ல வாந்தி வேற. இங்கயே முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. 18,000 ரூபா. அம்மா கம்மலை அடகு வச்சுத்தான் கட்டினோம்.

மேல ஆறிடுச்சு. ஒரு மாசத்துல புண்ணு இருந்த எடமே தெரியல, சந்தோஷப்பட்டோம். தை பொறந்ததும் அதே எடத்துல உள்ளார கெட்டியா ஏதோ இருக்கு கண்ணுன்னாங்க, இடது காதுல வலின்னாங்க. அப்பதான் யாரையும் கேக்காம கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போனேன்.

அங்க பாத்த புற்றுநோய் சர்ஜன் டார்ச்சோட நிறுத்தல. கிளவுஸ் போட்டுக்கிட்டு ஒரு பஞ்சுத்துணியால நாக்கு நுனியைப் புடிச்சு வெளிய இழுத்து, இன்னொரு கையால ஓரத்தை அமுக்கி அமுக்கித் தடவிப் பாத்தாரு, கழுத்தையும் ரெண்டு பக்கமும் தடவினாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அப்புறம் கேட்டாரு, முன்னாடி எடுத்த ரிப்போர்ட் எங்கம்மான்னு. எங்கிட்ட இருந்தது அந்த பில்லு மட்டும்தான். அதுல ஒரே வரி, லேசர், 18,000. அவரு அதை வாங்கிப் பாத்துட்டு பின்பக்கம் ஏதாச்சும் எழுதியிருக்கான்னு திருப்பிப் பாத்தாரு. வெத்துப் பேப்பர். அந்த எடத்துலயே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

கிளினிக்குக்கு போன் போட்டு துண்டை எந்த லேபுக்கு அனுப்பினீங்கன்னு கேட்டா, லேசர்ல எல்லாம் ஆவியாயிடும் அனுப்ப என்ன இருக்குங்கறாங்க. அதுதாங்க நான் சொல்ல வர்றது. சுடறதுக்கு முன்னாடி ஓரத்துல இருந்து ஒரு சின்னத் துண்டு, அரிசி அளவு, மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி அனுப்பியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அந்த பயாப்ஸி எடுத்தா பரவும்னு சொன்னது பொய்னு இந்த சர்ஜன் சொன்னாரு, அது எடுக்காம என்ன வியாதின்னு யாராலயும் சொல்ல முடியாதுங்கறாரு. இப்ப எரிச்சதுல தழும்பாயிருச்சு, முதல்ல கட்டி எவ்வளவு அகலம் எவ்வளவு ஆழம் இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நாக்குல மேல தெரியற அளவை விட உள்ளார போன ஆழம்தான் ரொம்ப முக்கியமாம். அகலம் 2 சென்டிமீட்டருக்குள்ள, ஆழம் 5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தாத்தான் நோயோட முதல் படியில வைப்பாங்களாம்.

பயாப்ஸில கேன்சர்னு வந்துச்சு. எம்ஆர்ஐல கழுத்து சுத்தமாத்தான் தெரிஞ்சுது, ஆனாலும் நாக்கோட சேத்து கழுத்து நெறிக்கட்டியும், அதாவது வாயில இருந்து நோய் முதல்ல பரவற சின்னச் சின்ன முடிச்சுங்களையும், எடுக்கணும்னாரு. ஒண்ணும் இல்லாத கழுத்தை எதுக்கு சார் வெட்டணும்னு எனக்கு ஆத்திரமே வந்துச்சு, ஏற்கனவே ஏமாந்தவ இல்லையா. அவரு பொறுமையா உக்கார வச்சு சொன்னாரு. மும்பை டாடா மெமோரியல்ல ஆரம்ப நிலை வாய்ப்புற்று இருக்கறவங்களை ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு முதல்லயே கழுத்தையும் சேத்து எடுத்திருக்காங்க, இன்னொண்ணுக்கு கட்டி வந்தா எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. 2015ல முடிவு வந்தப்ப 3 வருஷம் உயிரோட இருந்தவங்க முதல் பிரிவுல 80 சதவீதம், அடுத்ததுல 67.5. இப்படி ஒருத்தரு விவரம் சொன்னா கையெழுத்து போடறதுக்கு என்ன தயக்கம்.

மாசியில ஆபரேஷன். தழும்பைச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையும் சேத்து எடுத்தாங்க, கழுத்துல ஒரு டியூப், மூக்குல ஒரு டியூப். ரிப்போர்ட்டுல ஆழம் 7 மில்லிமீட்டர், எடுத்த 26 நெறிக்கட்டியில ஒண்ணுல கேன்சர் இருந்துச்சு. ஸ்கேன்ல தெரியாதது. அதனால ரேடியேஷன் 30 தடவை. முதலமைச்சர் காப்பீட்டு கார்டுலயே ஆபரேஷன் நடந்துச்சு, அந்த லேசருக்குத்தான் கம்மல் போச்சு.

லேசருக்கு அப்புறம் விட்ட இந்த நாலு மாசத்துலதான் கழுத்துக்குப் போச்சான்னு சர்ஜன்கிட்ட அழுதுட்டே கேட்டேன். அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா, ஆனா நாலு மாசம்ங்கறது சின்ன காலமில்லன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அம்மா இப்ப கஞ்சி, குழைஞ்ச சோறு சாப்பிடறாங்க. பேச்சுக்கு பயிற்சி குடுக்கறாங்க. என் பேருல ஒரு ழ இருக்கு, அது அவங்க வாயில இன்னும் வரல, காலையில எழுந்ததும் அடுப்படியில தனியா நின்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறாங்க.

ஊட்டியில மருத்துவப் பணிகள் ஜேடி (இணை இயக்குநர்) ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன், பில்லு காப்பி வச்சு. வாய்ப்புண்ணு மூணு வாரத்துக்கு மேல ஆறலைன்னா பயாப்ஸி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. உங்க வீட்ல யாருக்காச்சும் இந்த மாதிரி சுட்டு எடுத்திருந்தா, துண்டு எந்த லேபுக்குப் போச்சு, ரிப்போர்ட் எங்கன்னு இன்னைக்கே போயி கேளுங்க. பில்லு மட்டும்தான் இருக்குன்னா அடுத்த பஸ்ஸுக்கே கீழ இறங்கிடுங்க.