பின் கழற்றும் செற்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

காத்தான்குடியில் இருக்கும் நண்பர் போன கிழமை கேட்டார்: "மச்சான், உன்னட்ட இருக்கிற அந்தப் பின் கழட்டுற செற் எப்படி? இப்ப விலை குறைஞ்சிருக்கு, நானும் ஒண்டு எடுக்கட்டா?" எடுக்காதே என்றேன். அவருக்கு ஆச்சரியம். அந்தச் செற்றை அவரிடம் புகழ்ந்து தள்ளியவன் நான்தான். அதனால் காரணத்தை விபரமாக எழுதிவிடுகிறேன்.

வண்டி வயர்களைத் தொடுக்கும் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்களைக் கழற்றும் சின்னத் துண்டுகள், சாவிக்கொத்து மாதிரி வளையத்தில் கோர்த்து வருமே, அந்த மலிவுச் செற்தான். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வண்டி வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு சாமான் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றும் மாரி மழையும் சேர்ந்தால் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பல கராஜ்களில் கனெக்டரையே வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றித் தருவார்கள். அடுத்த மாரிக்கு அதே இடத்தில் அதே கரைச்சல். கெட்டுப்போன ஒரு பின்னை மட்டும் கழற்றிப் புதிது போட்டால் வேலை ஒழுங்காக முடியும்.

கழற்றுவதற்குப் பலம் தேவையில்லை. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, எந்த நிற வயர் எந்த ஓட்டையில் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (மஞ்சள் நிற எயார்பேக் கனெக்டரைத் தொடவே வேண்டாம்.) பல கனெக்டர்களில் இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும், வேறு நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதை முதலில் கிளப்ப வேண்டும். அப்புறம்தான் முக்கியமான காரியம்: வயரை இழுக்காமல் முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளுங்கள். பின்னை உள்ளே பிடித்து வைத்திருக்கும் பூட்டு நாக்கில் இருக்கும் இறுக்கம் அப்போதுதான் விடும். நாக்கை அமுக்கியபடி பின்னால் இழுத்தால் பின் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் நாக்கு இன்னும் விடவில்லை என்று அர்த்தம். பலம் போட்டால் பின் அங்கேயே இருக்க, வயர் மட்டும் கையோடு வரும்.

இந்த வேலையில் செற்றின் இரட்டைப் பல்லுத் துண்டும் குழாய்த் துண்டும் அருமை. பின்னின் இரு பக்கமும் நாக்கு இருந்தால் இரட்டைப் பல்லு இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கும். உருளைப் பின்னுக்குக் குழாயை மேலால் போட்டு அழுத்தினால் சுற்றியுள்ள நாக்குகள் எல்லாம் படிந்துவிடும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கோபம் அந்த ஒற்றைத் தட்டைத் துண்டின் மேல்தான். அதிகம் தேவைப்படுவதும் அதுதான். மெல்லிய தகடு, ஆனால் மெத்து இரும்பு. நாக்கைத் தொட்டதும் வளைந்துவிடுகிறது. நிமிர்த்தினால் அடுத்த தடவை இன்னும் சுகமாக வளைகிறது. சரி, தடித்ததை எடுப்போம் என்றால் அது பெண் பின்னின் (மற்றப் பின்னை உள்ளே வாங்கிப் பிடிக்கும் பின்) வாய்க்குள் இறங்கி அதை விரித்துவிடும். வாய் விரிந்த அந்தப் பின் வெளிப்பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் பிடிமானம் இல்லை, வண்டி குலுங்கும்போது தொடுப்பு விட்டுவிட்டு வரும். பின்னைத் திரும்பப் போடுமுன் அதே அளவு ஆண் பின் ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். சும்மா வழுக்கிப் போனால் அந்தப் பின்னைப் போடாதீர்கள்.

போன மாதம் என் டொல்பின் வானின் முன் லைற் கனெக்டர் உருகிப் போனது. 12 வோல்ற்றில் 55 வாட் பல்ப் ஏறக்குறைய 4.6 அம்பியர் இழுக்கும். பிடிமானம் தளர்ந்த பின்னில் அந்தக் கரண்ட் ஓடினால் சூடேறி பிளாஸ்டிக் கருகத்தான் செய்யும். புதுக் கனெக்டருக்குப் பின்களை மாற்ற உட்கார்ந்தால், தட்டைத் துண்டு முதல் பின்னிலேயே மடங்கிவிட்டது. உடைந்த ஹெக்சோ பிளேட் ஒன்றை எடுத்து, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டி ஒடுக்கினேன். சூடாக விட்டால் இரும்பின் பதம் போய்விடும். அந்தத் துண்டு நாக்கில் பட்டதும் சின்னதாய் ஒரு 'டிக்', பின் வெளியே. மற்றப் பின்களும் அப்படியே வந்தன. பக்கவாட்டில் நெம்பினால் மட்டும் பிளேட் முறியும், நேராக அமுக்க வேண்டும். கழற்றிய பின்னின் நாக்கை நுனியால் லேசாக வெளியே கிளப்பிவிட்டுப் போட்டேன், இல்லாவிட்டால் அது பூட்டாது. போட்டதும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

இரண்டு துண்டு நல்லது என்பதற்காக முழுச் செற்றுக்கும் காசு கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விலை இன்னும் குறைந்தாலும் சரி. நண்பருக்கு ஒரு ஹெக்சோ பிளேட் தீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். உருளைப் பின் வேலை வந்தால் என் செற்றை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் திருப்பித் தந்துவிட வேண்டும், அந்தக் குழாய்த் துண்டு இல்லாமல் எனக்குச் சரிவராது.